சூப் மேக்கர்: நைசாக அரைத்த சூப்புக்குச் சரி, காய்த்துண்டு சூப்புக்கு?

மின்சார சூப் மேக்கர் என்று விற்கப்படும் ஜார், ஃபிளாஸ்க்கும் மிக்ஸியும் சேர்ந்து பெற்ற பிள்ளை மாதிரி இருக்கும். காயை வெட்டிப் போடு, தண்ணீர் ஊற்று, பட்டனை அழுத்து, அரை மணி நேரத்துக்குள் சூப் ரெடி என்பதுதான் விற்பவர்களின் பேச்சு. பேச்சில் பொய் கிடையாது. எந்த சூப் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பூசணியோ கேரட்டோ தக்காளியோ நைசாக அரைத்து, கோப்பையில் ஊற்றிக் குடிக்கும் சூப் என்றால் இவ்வளவு சிரமமில்லாத கருவி வேறு கிடைப்பது கஷ்டம். குளிர்கால இரவில் வீட்டில் எல்லாருக்கும் அதுவே சாப்பாடாக இருக்க வேண்டும், கரண்டியில் காயும் பயறும் துண்டு துண்டாக வர வேண்டும் என்றால் இதே கருவி பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதிப் பாதியை வாணலியும் கத்தியும் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்குத் தயார் என்றால் வாங்கலாம். பட்டனை மட்டும் நம்பி வாங்கினால், முதல் மாதத்துக்குப் பிறகு அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும்.

எந்த கம்பெனி மாடலாக இருந்தாலும் உள் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். 1.2 முதல் 1.7 லிட்டர் வரை கொள்ளும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஜார், அதன் அடித்தட்டில் 800 முதல் 1,000 வாட் வரையிலான ஹீட்டர். கனமெல்லாம் மூடியில்தான். மோட்டார் அதற்குள் இருக்கிறது. அதிலிருந்து ஒரு தண்டு கீழே இறங்குகிறது, நுனியில் பிளேடு. தண்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டைக் கம்பி தொங்குவதைக் கவனியுங்கள். சூப் பொங்கி வந்து அதைத் தொட்டால் ஹீட்டர் கொஞ்ச நேரம் அணைந்துவிடும். அடித்தட்டு அளவுக்கு மீறிச் சூடானால் நிறுத்துவதற்கு இன்னொரு சென்சார். ஜாரின் உட்சுவரில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு கோடுகள். பட்டன்கள் பெரும்பாலும் மூன்று: நைஸ் சூப், துண்டு சூப், வெறுமனே அரைப்பது. நைஸ் சூப்புக்கு 20 முதல் 25 நிமிடம், துண்டு சூப்புக்கு 25 முதல் 30 நிமிடம். சத்தம் மிக்ஸி அளவுக்கு இருக்கும், ஆனால் சில நொடிகளுக்குத்தான்.

21 நிமிடத்தில் எத்தனை நிமிடம் வேகிறது?

இந்தக் கருவியைப் பற்றி வரும் புகார்களில் பாதி, "கேரட் நறுக் நறுக்கென்று இருக்கிறது" என்பதுதான். காரணம் சாதாரணக் கணக்கில் இருக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த காயும் குழாய்த் தண்ணீருமாக 1.6 கிலோ எடையை 10 டிகிரி செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 900 வாட் ஹீட்டருக்குச் சுமார் 11 நிமிடம் பிடிக்கும். வெளியே போகும் சூட்டையும் சேர்த்தால் 12, 13 ஆகும். ஆக 21 நிமிட நிரலில் (பட்டனை அழுத்தினால் தானாக ஓடி முடியும் வேலைத்திட்டம்) உண்மையாகக் கொதிப்பது 8 அல்லது 9 நிமிடம். காய்களின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் 80 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் வேகமாக இளகத் தொடங்கும். இரண்டு சென்டிமீட்டர் கேரட் துண்டுக்கு அந்த நேரம் பற்றாது. நைஸ் சூப்பில் பிளேடு இதை மறைத்துவிடும், நாக்கில் லேசான நரநரப்பு மட்டும் தெரியும். துண்டு சூப்பில் மறைக்க எதுவும் இல்லை.

இதற்கு இரண்டு வழி. முதலாவது கொதிக்கும் தண்ணீர். மொத்தத்தில் பாதிக்கும் மேல் தண்ணீர்தான் என்பதால், 800 மி.லி. தண்ணீரைக் கெட்டிலில் கொதிக்கவைத்து ஊற்றினால் கலவை தொடக்கத்திலேயே 50 டிகிரியைத் தாண்டிவிடும். சூடேறும் நேரம் பாதியாகும், மிச்சமான ஐந்து நிமிடமும் வேகும் கணக்கில் சேரும். கையேட்டில் வெந்நீர் ஊற்றக் கூடாது என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கத்தி. துண்டின் அளவு பாதியானால், சூடு அதன் நடுவுக்குப் போய்ச் சேரும் நேரம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறையும். அதனால் கேரட், பீட்ரூட், டர்னிப் போன்ற கடினமான கிழங்குகள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. உருளைக்கிழங்கு ஒன்றரை சென்டிமீட்டர். முட்டைகோஸ், காலிஃப்ளவர், சுரைக்காய் வகைகளை இரண்டு சென்டிமீட்டரில் விடலாம். எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டுவது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கேரட் வேகும்போது கோஸ் கரைந்திருக்கும். பாத்திரத்தில் என்றால் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுச் சமாளிக்கலாம். எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே போகும் கருவியில் அளவை வைத்துத்தான் நேரத்தைச் சரிக்கட்ட முடியும்.

உறைந்த காய் வாங்கிப் போடுபவர்களுக்கு: பனியை உருக்குவதற்கே தனியாகச் சூடு செலவாகிறது. 300 கிராம் உறைந்த காய் போட்டால் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் போய்விடும். வெளியே வைத்து உருகிய பிறகு போடுங்கள், அல்லது வெந்நீரில் அலசிப் போடுங்கள்.

துண்டு சூப் பட்டன் ஏன் ஏமாற்றுகிறது

பெரும்பாலான மாடல்களில் துண்டு சூப் நிரலில் பிளேடு சுழலவே சுழலாது. வெந்த காயும் தெளிந்த தண்ணீரும் அப்படியே வரும். கையேட்டின் அட்டையில் இருக்கும் படத்தில் அது கெட்டியாகப் பளபளக்கும். அந்தப் படத்துக்கான சூப் ஜாரில் செய்யப்பட்டதா என்று நமக்குச் சந்தேகமுண்டு. சாப்பாட்டு சூப்புக்கு வேண்டிய கனம் எங்கிருந்து வருகிறது என்றால், வெந்த காயில் மூன்றில் அல்லது நாலில் ஒரு பங்கை அரைத்துத் திரும்பக் கலப்பதிலிருந்து. உருளைக்கிழங்கின் மாவும் பீன்ஸின் மாவும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், துண்டுகள் அடியில் போய்ப் படியாமல் மிதக்கும். ஜாரில் நாலில் ஒரு பங்கை மட்டும் தனியாக அரைக்க வழியில்லை.

கையால் இயக்கும் அரைப்பு பட்டன் இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். நிரல் முடிந்ததும் இரண்டு நொடி அழுத்தி விட்டுவிடுங்கள், திறந்து பாருங்கள், தேவையென்றால் இன்னொரு இரண்டு நொடி. அதற்கு மேல் வேண்டாம். பிளேடு அடியில் இருப்பதால் முதலில் மாட்டுவது அடியில் கிடக்கும் உருளைக்கிழங்கும் பீன்ஸும்தான், மேலே மிதக்கும் கோஸும் செலரியும் தப்பித்துவிடும். நமக்கு வேண்டியதும் அதுதான். ஐந்து நொடி தொடர்ந்து அழுத்தினால் ஜாருக்குள் சுழல் உருவாகி எல்லாத் துண்டுகளும் கீழே இழுக்கப்பட்டுக் கலவை ஒன்றிரண்டாகிவிடும். அங்கிருந்து திரும்பி வர முடியாது.

இதைவிட நம்பகமான முறை இரண்டு கட்டமாகச் செய்வது. முதலில் நைஸ் சூப் நிரலில் அடிப்படைக் குழம்பை மட்டும் செய்துகொள்வது: வெங்காயம், உருளைக்கிழங்கு, பாதிக் கேரட், பாதி பீன்ஸ். மீதிக் காய்த்துண்டுகளை அதே நேரத்தில் அடுப்பில் சின்னப் பாத்திரத்தில் வேகவைத்து, கடைசியில் ஜாரில் போட்டுக் கரண்டியால் கலப்பது. இரண்டு பாத்திரம் ஆகிவிட்டதே, அப்புறம் கருவி எதற்கு என்று கேட்டால், நியாயமான கேள்விதான்.

1.6 லிட்டர் ஜாருக்கு ஓர் அளவு

வெங்காயம் 120 கிராம், செலரித் தண்டு 60 கிராம், பூண்டு இரண்டு பல், கேரட் 150 கிராம், உருளைக்கிழங்கு 150 கிராம், முட்டைகோஸ் 80 கிராம், வேகவைத்த வெள்ளை பீன்ஸ் அல்லது கொண்டைக்கடலை 120 கிராம், தக்காளி 80 கிராம், எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரை தேக்கரண்டி (9 கிராம் போல), தண்ணீர் 800 மி.லி. ஸ்டாக் க்யூப் போடுவதாக இருந்தால் உப்பைப் பாதியாகக் குறையுங்கள், பத்தாவிட்டால் கடைசியில் போட்டுக்கொள்ளலாம். கூடிப்போனால் ஜாரில் கஷ்டம். தண்ணீர் ஊற்றிச் சரிசெய்ய அதிகபட்சக் கோட்டுக்கு மேல் இடமிருக்காது. இன்னொரு உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். கிழங்கு தன் பங்கு உப்புத் தண்ணீரைக் குடிக்குமே தவிர, உப்பை மட்டும் பிரித்து எடுக்காது.

வதக்கும் கட்டத்தைத் தவிர்க்கவே கூடாது. தண்ணீரில் வேகும் எதுவும் 100 டிகிரியைத் தாண்டாது, அந்தச் சூட்டில் வெங்காயம் சிவக்காது. சிவந்தால்தான் ஆழமான ருசி. அகலமான வாணலியில் எண்ணெய் ஊற்றி, வெங்காயம், செலரி, கேரட் மூன்றையும் மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடம் வதக்குங்கள். வெங்காயத்தின் ஓரம் பொன்னிறமாக வேண்டும், கருகக் கூடாது. பூண்டைக் கடைசி ஒரு நிமிடத்தில் போடுங்கள். தக்காளி பேஸ்ட் இருந்தால் ஒரு மேசைக்கரண்டி போட்டு, சிவப்பு நிறம் செங்கல் நிறமாக மாறும் வரை ஒன்றிரண்டு நிமிடம் பிரட்டுங்கள். பிறகு 100 மி.லி. தண்ணீர் விட்டு, வாணலியின் அடியில் ஒட்டியிருப்பதை மரக்கரண்டியால் சுரண்டி எடுத்து, அதையும் ஜாரில் ஊற்றுங்கள். ருசியில் பாதி அந்த ஒட்டலில்தான் இருக்கிறது. இந்த 10 நிமிட வதக்கலில் கேரட்டும் முன்கூட்டியே கொஞ்சம் இளகியிருக்கும், மேலே சொன்ன வேகாத பிரச்சினையும் குறையும்.

வதக்கும் வசதியோடு வரும் மாடல்களும் உண்டு. அதற்காகக் கூடுதலாகப் பணம் கொடுப்பது வீண் என்பது எங்கள் கணிப்பு. ஜார் குறுகலும் ஆழமுமாக இருப்பதால் வெங்காயத்திலிருந்து வரும் ஆவி வெளியே போகாமல் அங்கேயே சுற்றும். வெங்காயம் வதங்காமல் அவிந்துபோகும். அடியில் ஒட்டினால் கரண்டி போகவும் இடமில்லை, அந்த ஒட்டலே பிறகு அடிப்பிடிக்கக் காரணமாகும்.

தக்காளியை 80 கிராமோடு நிறுத்தியதற்கும் காரணம் உண்டு. புளிப்பு பெக்டினைக் கரையவிடாது. தக்காளி அதிகமான தண்ணீரில் உருளைக்கிழங்கும் பீன்ஸும் எவ்வளவு கொதித்தாலும் விறைப்பாகவே இருக்கும். பாத்திரத்தில் செய்யும்போது மற்ற காய்கள் வெந்த பிறகு தக்காளியைப் போட்டுவிடலாம். ஜாரில் அந்த வரிசை கிடையாது, ஆகவே அளவைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். எலுமிச்சைச் சாறு பிழிவதும் அப்படித்தான்: எல்லாம் முடிந்த பிறகு ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி. கெட்டி சூப் சப்பென்று இருந்தால் முதலில் தேட வேண்டியது உப்பை அல்ல, இந்தப் புளிப்பைத்தான். உலர்ந்த காளான் பத்து கிராமை 200 மி.லி. வெந்நீரில் ஊறவைத்து, அடியில் படியும் மண்ணை விட்டுவிட்டுத் தெளிந்த நீரை மட்டும் 800 மி.லி. கணக்கில் சேர்த்தால் இறைச்சி இல்லாத குறை தெரியாது. இறைச்சி மாதிரி ருசி தரும் இரண்டு பொருட்கள், தக்காளியில் இருக்கும் குளுட்டமேட்டும் உலர்காளானில் இருக்கும் குவானிலேட்டும், சேர்ந்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிடப் பல மடங்கு சுவை கொடுக்கும்.

போடும் வரிசை: முதலில் தண்ணீர், பிறகு வதக்கியது, அதன் மேல் மற்ற காய்கள். ஒருமுறை கிளறி, எதுவும் அடித்தட்டில் படிந்திருக்கவில்லை என்று பார்த்த பிறகே மூடியைப் பொருத்துங்கள்.

அடிப்பிடிப்பதும் பாதியில் நின்றுபோவதும்

இந்தக் கருவி பாதியில் நின்று 'பீப்' அடிக்க ஆரம்பித்தால், பெரும்பாலும் அடித்தட்டில் மாவு படிந்து ஒட்டியிருக்கிறது என்று பொருள். ஹீட்டருக்கு நேர் மேலே மாவு ஒரு படலமாகப் படிந்தால் சூடு மேலே ஏற முடியாமல் தட்டிலேயே தங்கும், சென்சார் மின்சாரத்தை நிறுத்திவிடும். காரணங்கள் எப்போதும் இவைதான்: சோளமாவோ மைதாவோ முதலிலேயே கலந்தது, ஊறவைக்காத பருப்பு, பாஸ்தா, குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே தண்ணீர். பால், கிரீம், சீஸ் எல்லாம் நிரல் முடிந்த பிறகுதான். பாலின் புரதம் அடியில் ஒட்டுவதோடு, பொங்கி வந்து அந்தக் குட்டைக் கம்பியைத் தொட்டு ஹீட்டரை அணைத்து அணைத்து எரியவைக்கும். நிரலின் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், காய் மட்டும் வேகாது. நேரம் முழுதாக முடிந்தும் காய் பச்சையாக இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். கம்பியில் போன தடவையின் சூப் காய்ந்து ஒட்டியிருந்தாலும் இதே கதைதான்.

பருப்பில் தோல் நீக்கிய சிவப்பு மைசூர் பருப்பு மட்டும்தான் இதில் பச்சையாகப் போட ஏற்றது. அதுவும் 60, 70 கிராமுக்கு மேல் வேண்டாம், வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து நுரைத் தண்ணீரைக் கொட்டிய பிறகு. பார்லி, முழுப் பயறு, கடலை எதுவும் 30 நிமிடத்தில் வேகாது, தனியாக வேகவைத்தே சேர்க்க வேண்டும். ராஜ்மா விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். பச்சை ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் வகை நச்சு, அரைகுறையாக வெந்தால் சில மணி நேரத்தில் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவரும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் முதலில் தளதளவென்று முழுக் கொதியில் குறைந்தது 10 நிமிடம், 30 நிமிடம் என்றால் இன்னும் பாதுகாப்பு, கொதிக்கவிட்டு, பிறகு மெத்தென்று ஆகும் வரை வேகவைக்க வேண்டும். ஊறவைத்ததை நேரே சூப் மேக்கரில் போடக் கூடாது. டப்பாவில் வருவது ஏற்கெனவே வெந்தது, அதைத் தாராளமாகப் போடலாம்.

நைஸ் சூப்பிலும் ஓர் எல்லை உண்டு. உருளைக்கிழங்கு 200 கிராமைத் தாண்டினால் பிளேடின் வேகத்தில் அதன் மாவு செல்கள் உடைந்து, சூப் பசை மாதிரி இழுக்கும். கெட்டி வேண்டுமென்று கிழங்கைக் கூட்டுவதைவிடக் காலிஃப்ளவரையோ வெள்ளை பீன்ஸையோ கூட்டுவது நல்லது. எவ்வளவு அரைத்தாலும் அவை இழுக்காது.

எத்தனை பேருக்கு?

வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். பெட்டியில் 'நாலு பேருக்கு' என்று போட்டிருப்பது, சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்கும் கோப்பை சூப்புக்கான கணக்கு, அதாவது தலைக்கு 250 முதல் 300 மி.லி. சூப்பே சாப்பாடு என்றால் பெரியவர் ஒருவருக்கு 400 மி.லி.யாவது வேண்டும். 1.6 லிட்டர் நாலு பேருக்குச் சரியாக முடிந்துவிடும், இரண்டாவது கரண்டி கிடையாது. 1.2 லிட்டர் ஜார் இரண்டு பேருக்கும் ஒரு குழந்தைக்கும். ஐந்து பேருக்கு மேல் இருக்கும் வீட்டில் இந்தக் கருவிக்கு வேலையே இல்லை.

அந்த வீட்டுக்கு 5 அல்லது 6 லிட்டர் கொள்ளும் அடிகனமான பாத்திரமும் ஒரு கைப் பிளெண்டரும்தான் சரி. மேலே சொன்ன அளவுகளை இரட்டிப்பாக்கி, ஆவியாகிப் போவதற்காக 150 மி.லி. தண்ணீர் கூடுதலாக விடுங்கள். வெங்காயம், செலரி, கேரட்டை அதே பாத்திரத்தில் 12 நிமிடம் வதக்கி, தண்ணீரும் உருளைக்கிழங்கும் போட்டு, லேசாகக் குமிழி விடும் கொதியில் 10 நிமிடம், பிறகு கோஸும் பீன்ஸும் போட்டு 8 நிமிடம், கடைசியில் தக்காளி 5 நிமிடம். பிளெண்டரைப் பாத்திரத்தின் ஒரு ஓரத்தில் மட்டும் இறக்கி ஐந்தாறு நொடி ஓட்டினால் அந்த ஓரத்துக் காய் மட்டும் அரைபட்டு, மற்றதெல்லாம் துண்டாகவே இருக்கும். சூப் மேக்கரால் முடியாதது இந்த ஒன்றுதான், கெட்டி சூப்புக்கு அதுவே எல்லாம். கொதி வரும் நேரத்தையும் சேர்த்தால் மொத்தம் முக்கால் மணி நேரம் போல. சூப் மேக்கரில் வதக்கலையும் வெட்டுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் பெரிய வித்தியாசம் வராது. அடுப்புப் பக்கம் நிற்க வேண்டாம் என்பது மட்டும்தான் மிச்சம்.

பிளெண்டர் வாங்கும்போது தண்டு ஸ்டீலாக இருக்கட்டும், மோட்டார் 600 வாட்டுக்குக் குறைய வேண்டாம். பிளாஸ்டிக் தண்டு கொதிக்கும் சூப்பில் நாளடைவில் வளையும், கேரட்டின் நிறமும் ஏறிவிடும். தலை முழுவதும் சூப்பில் மூழ்கிய பிறகே ஸ்விட்சைப் போடுங்கள், ஓடும்போது மேலே தூக்கினால் கொதி சூப் முகத்தில் அடிக்கும். இதைத் தவிர்க்க மிக்ஸியில் அரைப்பவர்கள் ஜாரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. சூடான சூப்பிலிருந்து சட்டென்று கிளம்பும் ஆவி மூடியைத் தூக்கி எறியும். மூடியின் நடு அடைப்பை எடுத்துவிட்டு, மடித்த துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு, குறைந்த வேகத்தில் தொடங்குங்கள்.

பிரஷர் குக்கர் பருப்புக்கும் பயறுக்கும் அருமை, காய்க்கு அவ்வளவாக இல்லை. 120 டிகிரியில் கேரட் மூன்று நான்கு நிமிடத்தில் வெந்துவிடும், அந்த நேரத்தில் கோஸ் குழைந்து கந்தலாகிவிடும். ஊறிய பீன்ஸையும் பார்லியையும் மட்டும் அதில் வேகவைத்து எடுத்துக்கொண்டு, காயைத் திறந்த பாத்திரத்தில் செய்வதே நல்லது.

வாங்கும் முன் கடையில் பார்க்க வேண்டியவை

ஜாரின் வாய்க்குள் உங்கள் கை போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் அடித்தட்டைத் தேய்க்க முடியாது. அரைப்பு பட்டன் தனியாக இருக்க வேண்டும், இல்லாத மாடல் கெட்டி சூப்புக்கு உதவாது. ஓடும்போது மூடியைத் தூக்கினால் நிரல் விட்ட இடத்திலிருந்து தொடருமா, முதலிலிருந்து ஆரம்பிக்குமா என்று கேளுங்கள். முதலிலிருந்து ஆரம்பித்தால் நடுவில் ருசி பார்ப்பதோ காய் சேர்ப்பதோ நடக்காது. இரட்டைச் சுவர் ஜார் என்றால் வெளிப்புறம் கை சுடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதற்குக் கொஞ்சம் அதிகம் கொடுக்கலாம். மூடியின் ரப்பர் வளையம் தனியாக வாங்கக் கிடைக்குமா என்பதையும் விசாரியுங்கள், முதலில் தேய்வது அதுதான். எட்டு, பத்து நிரல்கள் என்று விளம்பரம் செய்யும் மாடல்களில் ஜாம், பழச்சாறு, சோயாப் பால் எல்லாம் இருக்கும். சூப்புக்கு மூன்றே போதும்.

கழுவுவதும் மிச்சமும்

சூப்பை ஊற்றிய உடனே ஜாரில் பாதி வரை வெந்நீர் விட்டு ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போட்டு அரைப்பு பட்டனை அழுத்துங்கள். இரண்டாவது சொட்டு போட்டால் நுரை பொங்கிக் கம்பியைத் தொட்டு மெஷினை நிறுத்தும். மூடிக்குள் மோட்டார் இருப்பதால் அதைத் தண்ணீரில் முக்கக் கூடாது, குழாய்க்கு அடியில் பிடிக்கவும் கூடாது. தண்டையும் பிளேடையும் மட்டும் பிரஷ்ஷால் தேய்த்து, மூடியைத் துணியால் துடைக்க வேண்டும். பிளேடுக்கும் அதன் மேல் இருக்கும் கிண்ண மூடிக்கும் நடுவில் செலரி நார் சுற்றிக்கொள்ளும். அதை எடுக்காமல் விட்டால் இரண்டு நாளில் வாடை வரும். அடிப்பிடித்துவிட்டால் கம்பிப் பஞ்சு வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவும் மூழ்கும் அளவு கொதிநீரும் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்து மரக்கரண்டியால் நெம்பினால் படலமாகவே பெயர்ந்து வரும்.

மிச்சமான சூப்பை ஜாரிலேயே விட்டு ஆறவைக்காதீர்கள். இரட்டைச் சுவர் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், கிருமி பெருகும் வெதுவெதுப்பிலேயே மணிக்கணக்காகக் கிடக்கும். அகலமான, ஆழம் குறைந்த பாத்திரத்துக்கு மாற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். ஃபிரீசரில் இரண்டு மூன்று மாதம், ஆனால் உருளைக்கிழங்குத் துண்டுகள் உருகும்போது பஞ்சு மாதிரி ஆகிவிடும். ஃபிரீசருக்குப் போகும் பங்கை நைசாக அரைத்துவிடுவது நல்லது. மறுநாள் சூப் இறுகியிருக்கும், மாவு தண்ணீரைக் குடித்திருக்கும். தலைக்கு 50 மி.லி. வெந்நீர் கலந்து, அடுப்பில் சாதாரணப் பாத்திரத்தில் கிளறிக்கொண்டே நன்றாகக் கொதி வரும் வரை சூடாக்கி, அதன் பிறகு உப்பு பாருங்கள். இறுகிய சூப்பைத் திரும்ப சூப் மேக்கரில் ஊற்றிச் சூடாக்கினால் கிளறிவிட யாருமில்லாமல் அடியில் ஒட்டும், இரண்டாவது நிமிடத்திலேயே 'பீப்' அடிக்கும்.